எட்டாவது விளக்கு

எது முதலில் நடந்தது, எது பிறகு நடந்தது என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கண்ணாடி டம்ளர் உடைந்தது முற்பகலிலா பிற்பகலிலா என்று மூன்று பேர் தனித்தனியாக விசாரித்தார்கள். மூன்று பேருக்கும் மூன்று பதில் சொல்லியிருக்கிறேன். அந்த அறையில் ஜன்னல் இல்லை, கடிகாரமும் இல்லை. முகங்கள் கலங்கித் தெரிகின்றன. பேச்சுகள் இடம் மாறிக் கிடக்கின்றன. சத்தங்கள் மட்டும்தான் வரிசை குலையாமல் இருக்கின்றன. ஆகவே சத்தங்களைப் பிடித்துக்கொண்டே எழுதுகிறேன். 'நான்' என்று எழுதினால் கை நின்றுவிடுகிறது. 'தங்கை' என்று எழுதினால் நகர்கிறது. அப்படியே இருக்கட்டும்.

அந்த வீட்டின் நிலவறைக்கு இறங்கும்போது தங்கை முதலில் கவனித்தது படியின் கைப்பிடியை. பழைய போர்வையைக் கிழித்து, அதன் நீளம் முழுக்கச் சுற்றித் தைத்திருந்தது. கீழே அடுத்தடுத்து இருந்த இரண்டு கதவுகளின் குமிழ்களும் அப்படியே. உள்ளே மேசைக் கால்கள், முக்காலியின் விளிம்பு, ஆணியில் தொங்கிய சாவி வளையம் எல்லாமே துணிக்குள் இருந்தன, அடிபட்டவர்களுக்குக் கட்டுப் போட்டதுபோல. எதுவும் எதன்மேலும் மோதிச் சத்தம் வந்துவிடக் கூடாது என்று யாரோ பல நாள் உட்கார்ந்து ஊசியும் நூலுமாக உழைத்திருந்தார்கள். அந்த வீட்டில் இருந்தவரோ ஒரே ஒருவர். அவருக்குக் காது கேட்காது.

அண்ணனும் தங்கையும் பழைய மின்னிசைக் கருவிகளைப் பழுது பார்த்துப் பிழைத்தவர்கள். அவனுக்குக் காது, அவளுக்கு மீட்டர். ஸ்வரத்தைப் பிறப்பிக்கும் ஆஸிலேட்டர் ஒன்று மயிரிழை சுருதி விலகினாலும் பக்கத்து அறையிலிருந்தே சொல்லிவிடுவான். அவளோ முள் ஆடுவதைக் கண்ணால் பார்த்தால்தான் நம்புவாள். அதனால் அவளுக்கு அவன் வைத்த பெயரே மீட்டர். பெரிய உடம்பு, பூனை நடை, ஒருவரையும் கடிந்து பேசத் தெரியாதவன். ஒரே ஒரு குறை, பாதியில் நின்ற பாட்டு அவனுக்கு ஆகாது. சின்ன வயதில் வானொலியை யாராவது நடுப்பாட்டில் அணைத்துவிட்டால் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, மீதியை முணுமுணுத்து முடித்த பிறகுதான் சோற்றில் கை வைப்பான். பெற்றவர்கள் இருவரும் போன பிறகு அவளுக்கு இந்த உலகத்தில் மிச்சமிருந்த ஒரே ஆள் அவன்தான்.

வீட்டுக்காரர் இசையமைப்பாளர். வானொலி நாடகங்களுக்கும் படங்களுக்கும் யாரும் கேட்டிராத ஓசைகளைச் செய்து கொடுத்தவர். அவர் இறந்து ஒன்பது வருடம். அவருடைய ஸ்டுடியோவை ஓர் இசைக் கல்லூரி கேட்டது. அவர் மனைவியான வீட்டம்மா ஒரு நிபந்தனையோடு கொடுக்கச் சம்மதித்தார். பிரித்து எடுத்து வரக் கல்லூரி இவர்கள் இருவரையும் அனுப்பியது.

"என் மூஞ்சியப் பாத்துப் பேசுங்க தம்பி," என்றார் வீட்டம்மா, கதவைத் திறந்த கையோடு. "முதுகுக்குப் பேசினா பதில் வராது. திட்டறதா இருந்தா மட்டும் முதுகுக்குத் திட்டிக்கலாம்."

அண்ணன் சிரித்தான். அவரும் சிரித்தார். பிறகு முகம் மாறியது.

"கரண்டு குடுக்கக் கூடாது. அப்படியே கழட்டணும். உடைக்கவும் கூடாது, கழட்டணும். துண்டு துண்டா எடுத்துட்டுப் போயிடுங்க. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுதும்மா."

"கரண்டு குடுக்கக் கூடாது," என்று மறுபடியும் சொன்னார். அப்படிச் சொல்லும்போது அவர் அண்ணனுடைய உதடுகளைப் பார்க்கவில்லை, காதுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். தங்கைக்கு அது என்னவோ போலிருந்தது. அவருடைய வலக்கையில் இரண்டு விரல்கள் மடங்காமல் விறைத்து நின்றதையும் அப்போதுதான் பார்த்தாள்.

மின்சாரத்தால் ஓசை பிறப்பிக்கும் சிந்தசைசர் என்றால் இன்று எல்லோருக்கும் விசைப்பலகைதான் நினைவுக்கு வரும். அந்த நிலவறையில் இருந்ததில் விசைப்பலகையே இல்லை. பீரோ உயரத்துக்கு நான்கு இரும்பு அடுக்குகள்; அவற்றில் வரிசை வரிசையாகப் பெட்டிகள்; பெட்டிகளின் முகம் முழுக்கத் திருகுகளும் துளைகளும்; துளைக்குத் துளை வயர்கள், நூற்றுக்கும் மேலே, கறுப்பும் சாம்பலுமாகத் தொங்கின. பழைய தூசி சூடேறாமலே எரிவதுபோல ஒரு வாசனை, அதற்கு அடியில் ஈர இரும்பின் வாசனை. சுவர் முழுக்கத் தடித்த கம்பளி ஒட்டியிருந்ததால் பேச்சு வாயைவிட்டு வெளியே வந்ததுமே செத்து விழுந்தது. தரையின் நடுவே ஓர் ஆள் கை கால் நீட்டிப் படுக்கும் அளவுக்கு இரும்புத் தகடு பதித்திருந்தது. அதன் தலைமாட்டில் மேசை. மேசைமேல் ஒரு சீக்வென்சர், ஒலி அளக்கும் முள் ஒன்று.

சீக்வென்சர் என்பது எட்டுப் படிகள் கொண்ட பெட்டி. படிக்கு ஒரு திருகு, திருகுக்கு மேலே கடுகளவு சிவப்பு விளக்கு. ஒவ்வொரு முறை உசுப்பும்போதும் அது ஒரு படி நகர்ந்து, அந்தப் படிக்குத் திருகி வைத்த ஸ்வரத்தைப் பாடும். சாதாரணமாக அதை உசுப்புவதற்கென்றே கடிகாரம்போல் துடிக்கும் ஒரு பெட்டி உண்டு. இங்கே அது இல்லை. வயரைப் பிடித்துக்கொண்டே போன தங்கையின் விரல்கள் தரைத்தகட்டுக்கு அடியில் போய் நின்றன. காசு அளவில் ஒரு மைக்கை அங்கே ஒட்டியிருந்தார்கள். தகட்டின் அதிர்வைக் கேட்கும் மைக்.

வயர் ஒன்றைத் தொடுவதற்கு முன் எல்லாவற்றையும் தாளில் வரைந்துகொள்வது அவள் வழக்கம். வரைய உட்கார்ந்தாள். அண்ணன் வேலைக்கு இடைஞ்சலாக இருந்த துணிக்கட்டுகளைக் கத்தியால் அறுத்து மூலையில் எறிந்தான். ஈயப்பற்று வைக்கும் சால்டரிங் இரும்பைச் சூடேறப் போட்டான். பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டு அடுக்குகளைப் பார்த்தபடி நின்றான்.

"ஒரு தடவை பேசவிட்டுப் பாத்துடலாம் மீட்டர்."

"அவங்கதான் வேணாம்னாங்களே."

"அவங்களுக்கு எங்க கேக்கப் போவுது?"

"அண்ணா."

"பிரிச்சு எடுத்துட்டுப் போய் அங்க பேசலைன்னா என்ன சொல்லுவாங்க? நல்லாத்தான் இருந்துச்சு, இவங்க ரெண்டு பேருந்தான் கொன்னுட்டாங்கன்னுவாங்க. உனக்கு முள்ளு ஆடினாப் போதும். காதை நீ கம்மல் மாட்டத்தானே வெச்சிருக்கே."

அவள் மறுத்திருக்கலாம். ஆனால் அது அவர்கள் தொழிலின் வழக்கம். பிரிப்பதற்கு முன் ஒரு தடவை பேசவிட்டுக் கேட்காமல் எந்தக் கருவியிலும் அவர்கள் திருப்புளியை வைத்ததில்லை. மெயின் சுவிட்சைப் போட்டதும் அவள்தான்.

ஒன்றும் நடக்கவில்லை. உறுமல் இல்லை, ஒரு விளக்குகூட எரியவில்லை. முள் மட்டும் தூக்கத்தில் புரள்வதுபோல ஒரு தடவை அசைந்து படுத்தது.

"செத்துப்போச்சு போல," என்று அண்ணன் உதட்டைப் பிதுக்கி, விரல் நகத்தால் மேசையைத் தட்டினான்.

முதல் விளக்கு எரிந்தது. ஒலிபெருக்கிகளிலிருந்து தாழ்ந்த ஸ்வரம் ஒன்று எழுந்து அப்படியே நின்றது. காதால் கேட்பதற்கு முன்னால் அடிவயிற்றில் அது தெரிந்தது. ஒன்பது வருடம் மூடிக் கிடந்த கருவி. இம்மி சுருதி பிசகவில்லை. நீண்டுகொண்டே இருந்தது, நிறுத்தாமல், அடுத்ததற்காகக் காத்திருப்பதுபோல.

அண்ணன் மறுபடி நகத்தால் தட்டினான். ஒன்றுமில்லை. விரல்கணுவால் தட்டினான். ஒன்றுமில்லை. திருப்புளியின் மரப்பிடியால் மேசையில் ஒரு போடு போட்டான். இரண்டாவது விளக்கு எரிந்தது, ஸ்வரம் ஒரு படி ஏறியது. ஏறிய இடம் எந்த ராகத்திலும் இல்லாத இடம். ஆர்மோனியத்தின் இரண்டு கட்டைகளுக்கு நடுவே இருந்த இடுக்கில் போய் அது உட்கார்ந்திருந்தது. ஆனால் கேட்டதுமே, இது இங்கேதான் இருக்க வேண்டும் என்று தோன்றியது.

"ஒவ்வொண்ணுக்கும் ஒரு சத்தம் வெச்சிருக்காரு பாரு மனுஷன்!" அண்ணன் குரலில் குழந்தைத்தனமான குதூகலம். "பூட்டுக்குச் சாவி மாதிரி. அடுத்தது என்னவா இருக்கும்?"

அவள் வரைந்துகொண்டிருந்த படமும் அதையே சொன்னது. மைக்கிலிருந்து கிளம்பிய வயர் எட்டாகப் பிரிந்து எட்டு ஃபில்டர்களுக்குள் போனது. ஒவ்வொரு ஃபில்டரும் ஒரே ஒரு வகை ஓசையை மட்டும் உள்ளே விட்டது. எட்டாவது மட்டும் வேறு மாதிரி போயிற்று. ஃபில்டரைத் தாண்டிய பிறகு, வருவதைத் தலைகீழாகப் புரட்டும் ஒரு பெட்டிக்குள் நுழைந்து வெளியேறியது. ஏன் என்று புரியாமல் அதன் பக்கத்தில் கேள்விக்குறி போட்டு வைத்தாள்.

மூன்றாவது, இரும்பு அடுக்கில் ஸ்பேனரால் ஓங்கி அடித்தபோது எரிந்தது. நான்காவதற்கு அவன் கை தட்டினான், காலால் உதைத்தான், அடுக்குகளைக் குலுக்கினான். இதற்குள் எவ்வளவு நேரம் போயிற்று என்று தெரியாது. மூன்றாவது ஸ்வரம் முழு நேரமும் நின்றுகொண்டே இருந்தது, பல்லின் வேரில், கண்ணுக்குப் பின்னால். "கொஞ்சம் நிறுத்தலாம்ணா, சாப்பிட்டுட்டு வந்து பாக்கலாம்," என்று அவள் சொன்னதை அவன் காதில் வாங்கவில்லை. தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த கண்ணாடி டம்ளரைப் பார்த்தான். மிச்சத் தண்ணீரோடு அதைத் தகட்டின்மேல் அறைந்தான்.

நான்கு.

சில்லுகள் அவள் கணுக்கால்வரை தெறித்தன. அவன் மன்னிப்புக் கேட்கவில்லை. அவள் நினைவில் அவன் மன்னிப்புக் கேட்காத முதல் தடவை அது. முக்காலியைத் தலைக்குமேல் தூக்கி மேசை விளிம்பில் மூன்று முறை அடித்தான். மூன்றாவது அடியில் அதன் கால் முறிந்தது. ஐந்து. வியர்வையும் மர வாசனையும். ஐந்தாவது ஸ்வரம் அழுகைக்கு முன்னால் தொண்டை அடைப்பதுபோல அடைத்துக்கொண்டு நின்றது. இதோடு விட்டுவிட்டுப் போக யாராலும் முடியாது. அவளாலும் முடியவில்லை, அதுதான் உண்மை. பேனாவைப் பிடித்துக்கொண்டு அடுத்தது எப்போது வரும் என்றுதான் அவளும் காத்திருந்தாள்.

ஆறாவது தற்செயலாக நடந்தது என்றுதான் அவள் இன்றும் நினைக்கிறாள். அவன் அடுக்கிலிருந்து ஒரு கனத்த பெட்டியை இழுத்தான். அது தடம் விட்டுச் சரிந்து அவன் இடக்கையின்மேல் இறங்கியது. கை மேசையின்மேல் இருந்தது. ஈரக் குச்சி ஒடிவது மாதிரி ஒரு சின்னச் சத்தம்.

ஆறு எரிந்தது.

சுண்டுவிரல் பின்பக்கமாக மடிந்து கிடந்தது. ஒரு முறை அடித்தொண்டையில் கத்திவிட்டு அவன் நிறுத்திக்கொண்டான். விரலைப் பார்க்கவில்லை. தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, ஸ்வரத்தைக் கேட்டான். அவன் முகத்தில் புன்னகை இருந்தது.

அவள் பாய்ந்து போய் மெயின் சுவிட்சை அணைத்தாள்.

நாலு பக்கமும் நிசப்தம் இறங்கியது. கம்பளிச் சுவர் அவர்கள் மூச்சைக்கூட உறிஞ்சிக்கொண்டது. அண்ணன் மெல்லக் கண்ணைத் திறந்து விரலைப் பார்த்தான். குழந்தைபோல உதடு துடித்தது.

"மீட்டர். வலிக்குது."

"உக்காருணா. இங்கயே உக்காரு. எதையும் தொடாதே. ஐஸ் வாங்கிட்டு வரேன், அப்புறம் நேரா ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

தலையாட்டினான். அவள் இரண்டு கதவுகளையும் தாண்டிப் படியேறி ஓடினாள்.

வீட்டம்மா சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தார். கத்தி பலகையில் படும் ஓசை அவருக்குக் கேட்காது. அவளுக்குக் கேட்டது, ஒவ்வொன்றாக. அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே அவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டார்.

"எத்தனை எரிஞ்சுது?"

அவள் நின்றாள். "ஆறு."

"ஆறு எனக்கு இது." விறைத்த விரல்களைத் தூக்கிக் காட்டினார். "ரெண்டாவது தடவைக்கு இன்னொண்ணு. ஏழு, காது. அவருக்கு என் கத்தல் வேண்டியிருந்துச்சு. ஆம்பளைக் கத்தலுக்கு ஏழு எரியாது. காதுக்குள்ள எதை விட்டாருன்னு கேக்காதே."

"ரெண்டாவது தடவையா? ஏன்?"

"நடுவுல நான் அணைச்சுட்டேன்." கத்தியைக் கீழே வைத்தார். "அணைச்சா அதுக்கு எண்ணிக்கை மறந்துபோயிடும்மா. திரும்ப ஒண்ணுலேருந்துதான் வரணும். அவருக்கோ அதுவரைக்கும் கேட்டதெல்லாம் மறக்கல." பிறகு அவள் கண்களை உற்றுப் பார்த்தார். "நீ அணைச்சியா?"

பாதத்துக்கு அடியில் தரை அதிர்ந்தது. ஒரு முறை. சிறிது விட்டு இன்னொரு முறை.

திரும்பி ஓட எத்தனித்தவளின் மணிக்கட்டைக் கிழவி பற்றினார். பிடி இரும்பாக இருந்தது.

"எட்டுக்கு என்னைத் தகட்டுல படுக்க வெச்சாரு. அப்புறம் மனசு வரலை, அவரே படுத்துக்கிட்டாரு. விளக்கு எரிஞ்சதைப் பாத்தேன். பாத்தேன், அவ்வளவுதான். அது என்ன சத்தம்னு எனக்குத் தெரியாது. ஒம்பது வருஷமாத் தெரியாது." குரல் தழைந்தது, கெஞ்சியது. "நீ கேட்டா எனக்குச் சொல்லுவியா?"

கையை உதறிக்கொண்டு இறங்கினாள்.

துணி சுற்றிய கைப்பிடி. துணி சுற்றிய குமிழ். முதல் கதவு. இரண்டாவது கதவைத் திறந்ததும் ஐந்தாவது ஸ்வரம் அவளை மார்பில் முட்டியது. மேசை ஒருக்களித்துக் கிடந்தது. அதன் கால்களில் இரண்டை ஒடித்திருந்தான். சீக்வென்சரும் முள்ளும் தரையில் இருந்தன, தகட்டில் ஒரு கண்ணாடி பாட்டில் புதிதாக நொறுங்கிக் கிடந்தது. வலக்கையில் சுத்தியல். இடக்கையைத் தகட்டின்மேல் விரித்து வைத்திருந்தான், சுண்டுவிரலுக்கு அடுத்த விரலைத் தனியாகப் பிரித்து.

"அணைச்சுட்டியே மீட்டர்," என்றான். கோபமில்லை. கண்ணீர் வழிந்தது. "எல்லாத்தையும் திரும்பப் பண்ண வேண்டியதாயிடுச்சு பாரு."

"அண்ணா வேணாம்."

சுத்தியல் இறங்கியது.

ஆறு.

அவள் சுவிட்சைப் பார்த்தாள். கை எட்டும் தூரம்தான். அணைத்தால் இன்னொரு விரல். மறுபடி அணைத்தால் இன்னொன்று. இன்னும் எட்டு விரல்கள் இருந்தன. அவள் கை தானாகக் கீழே இறங்கியது.

அவளையறியாமல் ஒரு விசும்பல் வெளிப்பட்டது. முள் துள்ளியது.

அவன் அந்த முள்ளைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

அவள் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் எழுந்தான். பெரிய உடம்பு, பூனை நடை. அடுக்கு முதுகில் இடித்தது. அதற்குமேல் பின்னால் போக இடமில்லை. அவளைத் தகட்டுக்கு இழுத்து வந்து முழங்காலால் அழுத்தினான். சால்டரிங் இரும்பு தாங்கியிலிருந்து வந்தது. அதன் நுனியில் ஈயத்துளி ஒன்று மினுங்கியது.

"மன்னிச்சுடு. ஒரே ஒரு தடவை கத்திடு. அதோட முடிஞ்சுடும்."

முதலில் முழங்கையில். உதட்டைக் கடித்தாள். வாய்க்குள் ரத்தம் உப்புக் கரித்தது. தன் தோல் பொரியும் வாசனை. கத்தவில்லை. இரண்டாவது, தோளில். கத்தவில்லை. அவன் விக்கி விக்கி அழுதுகொண்டிருந்தான். "கத்திடு குட்டி, கத்திடு." குட்டி என்று அவன் கூப்பிட்டு இருபது வருடம் ஆகியிருக்கும். மூன்றாவது, கழுத்தில்.

கத்தினாள்.

ஏழு.

எல்லா வலியும் நின்றுபோயிற்று.

அதைப் பற்றி எழுத முடியாது. ஒரு வாசல் தெரிந்தது, அவ்வளவுதான் சொல்லலாம். ஏழாவது ஸ்வரம் வாசலில் நின்றுகொண்டு, உள்ளே பார்த்துக்கொண்டு, நகராமல் இருந்தது. அண்ணனுடைய முழங்கால் அவள்மேலிருந்து விலகியது. இருவரும் தகட்டின் இருபுறமும் உட்கார்ந்தார்கள். அவன் அவள் கழுத்தைப் பார்த்தான். அவள் அவன் கையைப் பார்த்தாள். இரண்டும் யாருடையவையோ.

ஸ்வரம் நின்றது. நின்றது. நின்றுகொண்டே இருந்தது.

அவன் எட்டாவதைப் பாடிப் பார்த்தான். பொருந்தவில்லை. வேறொன்று பாடினான். அதுவும் இல்லை. கதவில் தலையை மோதினான். அடுக்குகளைச் சாய்த்தான். ஒரு பல்லைக் குறட்டால் பிடுங்கிப் போட்டான். முள் சும்மா கிடந்தது.

கடைசியில் அவள் பக்கம் திரும்பினான். வாயோரம் சிவப்பாக வழிந்தது.

"நீதானே வரைஞ்சே. எட்டு எதுல வரும்?"

தாள் அவள் கால்மாட்டில் கிடந்தது. கேள்விக்குறி தெரிந்தது. அவளுக்கு இப்போது புரிந்திருந்தது. தலைகீழாகப் புரட்டும் பெட்டி. சத்தம் வந்தால் எரிவதல்ல அது. வந்துகொண்டிருக்கும் ஒரு சத்தம் நின்றால் எரிவது. ஃபில்டரின் திருகு அடிமட்டத்தில் இருந்தது, மனிதக் காதால் கேட்க முடியாத தாழ்வில். தகட்டின்மேல் ஓர் உடம்பு படுத்தால், உள்ளே இடைவிடாமல் துடித்துக்கொண்டிருக்கும் ஒன்று இருக்கிறதே. அது.

சொல்லாமல் இருந்தால் போதும். தெரியாது என்று ஒரு சொல். அந்த ஒரு சொல்லால் அவனை வெளியே கூட்டிக்கொண்டு போய்விடலாம். இழுத்துக்கொண்டாவது போய்விடலாம். ஆஸ்பத்திரி. கட்டு. வெளிச்சம்.

ஏழாவது ஸ்வரம் நின்றுகொண்டே இருந்தது.

"மீட்டர்."

சொன்னாள்.

அவன் சிரித்தான், பல் போன இடம் தெரிய. "அவ்வளவுதானா?"

அவள் படுத்திருந்த இடத்தில் அவன் படுத்துக்கொண்டான். கண்ணாடிச் சில்லுகள் முதுகுக்கு அடியில் நொறுங்கின. கையைப் பக்கவாட்டில் நேராக வைத்துக்கொண்டான். முள் ஆட ஆரம்பித்தது. ஒரே சீராக. டக். டக். டக்.

"எனக்கு முழுசாக் கேக்காது போல. நீ நல்லாக் கேட்டுக்கோ."

மூலையில் அறுத்து எறிந்த போர்வைத் துணி கிடந்தது. மடித்தாள். அவன் முகத்தின்மேல் வைத்தாள். அதன்மேல் தன் இரு கைகளையும் வைத்தாள். கைகளின்மேல் தன் எடையை வைத்தாள்.

முதலில் அசையாமல் கிடந்தான். சொன்ன சொல் தவறாதவன். உடம்புதான் பிறகு சண்டை போட்டது. உடைந்த விரல்கள் அவள் கழுத்துப் புண்ணைப் பிறாண்டின. குதிகால்கள் தகட்டை அறைந்தன. அவள் அவன் தோள்கள்மேல் முழங்காலை ஊன்றினாள். துணி ஈரமானது. முள் பைத்தியம்போல ஆடியது. அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. விளக்கைப் பார்த்தாள். குதிகால் ஓய்ந்தது. முள் ஒரே சீருக்கு வந்தது. மெலிந்தது. டக். நீண்ட இடைவெளி. டக்.

காத்திருந்தாள்.

காத்திருந்தாள்.

எட்டு.

கேட்டாள்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. விளக்குகள் எல்லாம் அணைந்து அறை அமைதியானபோது அவள் இன்னும் கைகளை எடுக்கவில்லை. கதவருகே வீட்டம்மா நின்றிருந்தார். எப்போதிலிருந்து என்று தெரியாது. தகட்டைச் சுற்றி வந்து, அண்ணனுடைய கால்களைத் தாண்டி, அவள் முன்னே மண்டியிட்டு உட்கார்ந்தார். அவள் முகவாயை இரு கைகளாலும் பிடித்துத் தன் பக்கம் திருப்பினார், உதடுகள் சரியாகத் தெரியும்படி.

"சொல்லு," என்றார். "எப்படி இருந்துச்சு?"

அண்ணனை மூன்றாம் நாள் அடக்கம் செய்தார்கள். என்னைப் போகவிடவில்லை. என் கழுத்தையும் அவன் விரல்களையும் பார்த்துவிட்டு, தற்காப்பு என்று எழுதலாமா என்று வக்கீல் கேட்டார். நான் இல்லை என்றேன். இந்த மனநல விடுதியில் சேர்த்து இரண்டு வருடம் ஆகிறது. ரப்பர் தரை, பிளாஸ்டிக் தட்டு, நல்ல மனிதர்கள். வீட்டம்மா மாதம் ஒரு தடவை வருகிறார். எதிரே உட்கார்ந்து என் உதடுகளையே பார்க்கிறார். நான் வாயைத் திறப்பதில்லை. எது எந்தத் துளையில் இருந்தது என்பதற்கு என் படம் இருந்ததால், அண்ணன் சாய்த்த அடுக்குகளை நிமிர்த்திக் கருவியைப் பழையபடியே பொருத்திவிட்டார்களாம். அது அந்த நிலவறையிலேயேதான் இருக்கிறது. கல்லூரி மறுபடியும் கேட்டிருக்கிறது. அவர் மறுபடியும் சம்மதித்திருக்கிறார், அதே நிபந்தனையோடு. போன வாரம் வந்தபோது சொன்னார்: இந்தத் தடவை வருகிறவர்கள் ஓர் அப்பாவும் மகளுமாம், இரண்டு பேராக அனுப்பச் சொல்லி அவரே கேட்டு வாங்கினாராம், அப்பாவுக்கு அபாரமான காதாம்.

கல்லூரிக்கு நான் ஒரு வரி எழுதிப் போட்டால் போதும், நின்றுவிடும். எழுதவில்லை. அதைக் கேட்டவர் இப்போது என்னைத் தவிர யாரும் இல்லை. இருவரில் ஒருவர் அதைக் கேட்டுவிட்டு வெளியே வருவார். அவரை இங்கேதான் கொண்டுவருவார்கள்.